நிராகரிப்புக்கும் வெளியேற்றத்துக்கும் நடுவே

2019 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு ஓர் உத்தரவு போட்டது. வன உரிமைச் சட்டத்தின் கீழ் மனுக் கொடுத்து, அந்த மனு நிராகரிக்கப்பட்டவர்களை ஜூலை 24-ஆம் தேதிக்குள் காட்டிலிருந்து வெளியேற்றிவிட வேண்டும் என்பது அதன் சாரம். பொறுப்பு மாநிலத் தலைமைச் செயலாளர்களுக்கு. வெளியேற்றியது மெய்தானா என்று பார்க்கச் செயற்கைக்கோள் படம் வேறு எடுக்கச் சொல்லியிருந்தார்கள். மாநிலங்கள் கொடுத்திருந்த கணக்கைக் கூட்டிப் பார்த்த பத்திரிகைகள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழக்கும் என்று எழுதின. சட்டத்தைக் காத்து வாதாட வேண்டிய ஒன்றிய அரசு அந்த விசாரணைகளில் ஏறக்குறைய மௌனமாகவே இருந்தது. ஊர் ஊராக எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அது விழித்துக்கொண்டு நீதிமன்றத்தை அணுகியது. பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் தன் உத்தரவை நிறுத்திவைத்தது. நிராகரித்தபோது சட்டம் சொன்ன நடைமுறையைப் பின்பற்றினீர்களா என்று மாநிலங்களிடம் கேட்டது.

திடீரென்று மூண்டு, இரண்டே வாரத்தில் அடங்கிய செய்தி என்று பலரும் இதை மறந்துவிட்டார்கள். என் கணக்கில், நீதிமன்றம் கடைசியில் கேட்ட அந்தக் கேள்விதான் முழு விவகாரத்தின் மையம். ஒரு மனு நிராகரிக்கப்பட்டது என்பதற்கும், மனுக் கொடுத்தவரை அவர் குடிசையிலிருந்து இறக்கிவிடலாம் என்பதற்கும் நடுவே எத்தனை படிகள் இருக்கின்றன? அந்தப் படிகள் ஒவ்வொன்றிலும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பழங்குடிகளின் நிலம் பறிபோவதும் தப்புவதும் இப்போது பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. ஜீப்பும் தடியும் வருவது பின்னால்தான்.

தலைமுறை தலைமுறையாக ஒரு மலையில் இருப்பவர், அந்த மலையில் இருக்க அனுமதி கேட்டு எதற்காக மனுக் கொடுக்க வேண்டும்? இதற்குப் பதில் தேட 1882-க்குப் போக வேண்டும்.

1878-இல் வெள்ளைக்கார அரசு இந்திய வனச் சட்டம் கொண்டுவந்தபோது சென்னை மாகாணம் அதை ஏற்கவில்லை. அதற்கு முன்பே, 1871-இல், சென்னை வருவாய் வாரியம் தன் கருத்தை எழுதியிருந்தது. இந்த மாகாணத்தில் ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு என்று அனேகமாக ஒன்றுமில்லை, ஆகவே அரசு தன் சொத்தாக எண்ணிக் கைவைக்க முடியாது என்பது அந்தக் கருத்து. ஓர் அரசு அலுவலகம் அரசுக்கே இப்படி எழுதியது என்பதை இன்று படிக்கும்போது கொஞ்சம் வியப்பாகத்தான் இருக்கிறது. வியப்பு நீடிக்கவில்லை. வனத்துறையின் தலைமை அதிகாரியாக இருந்த டீட்ரிக் பிராண்டிஸ் சென்னைக்கு வந்து பேசி முடித்த பிறகு 1882-இல் சென்னை வனச் சட்டம் பிறந்தது. தமிழ்நாடு வனச் சட்டம் என்று பெயர் மாறி அது இன்றும் நடப்பில் இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் இயக்கம் எளிமையானது. ஒரு பகுதியைக் காப்புக்காடாக்கப் போகிறோம் என்று அரசு அறிவிக்கும். நிலவரித் திட்டத்துக்கு இருப்பதுபோல வனத்துக்கும் ஓர் அதிகாரி வருவார். இங்கே எனக்கு உரிமை உண்டு என்று சொல்ல நினைப்பவர் குறித்த கெடுவுக்குள் அவரிடம் வந்து சொல்ல வேண்டும். கெடு குறைந்தது மூன்று மாதம். வராவிட்டால் உரிமை அற்றுப்போகும். பக்கத்து ஊர்களில் தமுக்கடித்துச் சொல்லியும் இருப்பார்கள். ஆனால் தேன் எடுக்க மலை மேலே போன குடும்பத்துக்கோ, காட்டெரிப்புச் சாகுபடி செய்து மூன்று வருஷத்துக்கு ஒரு முறை இடம் மாறுகிற ஊருக்கோ அந்தத் தமுக்கு கேட்டிருக்குமா? கேட்டிருந்தாலும், தன் மூதாதையர் புதைந்திருக்கும் இடத்துக்கு ஒருவர் எந்தச் சர்வே எண்ணைச் சொல்வார்? நில வரி கட்டியவனுக்குத்தான் ரசீது இருந்தது. வரி கட்டாமல் காட்டோடு வாழ்ந்தவனுக்குக் காகிதம் என்று எதுவுமில்லை. ஆகவே உரிமை கேட்டு யாரும் வரவில்லை என்று கோப்பில் எழுதி, காடு அரசுடையதானது. அதற்குள் இருந்த மனிதர்கள் இருந்த இடத்திலேயே அத்துமீறி நுழைந்தவர்கள் ஆனார்கள்.

சுதந்திரம் வந்த பிறகு இது மாறவில்லை, பரப்புதான் கூடியது. சமஸ்தானக் காடுகளும் ஜமீன் காடுகளும் அரசுக் காடுகளோடு சேர்க்கப்பட்டன. பல மாநிலங்களில் உள்ளே யார் இருக்கிறார்கள் என்ற விசாரணைகூட முடியாமலே எல்லைக் கற்கள் நடப்பட்டன. 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம். இரண்டுக்கும் நியாயமான காரணங்கள் இருந்தன. மரம் அழிந்துகொண்டிருந்தது, புலி அருகிக்கொண்டிருந்தது. ஆனால் இரண்டுமே 1882-இன் கணக்கைச் சரியென்று எடுத்துக்கொண்டு அதன் மேல் கட்டப்பட்டவை.

அடுத்த திருப்பம் நம்மூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. நீலகிரி மாவட்டம் கூடலூரில் ஜன்ம நிலக் காடுகளில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். ஒரு காலத்தில் அவருடைய குடும்பத்தின் ஆளுகையில் இருந்த காடுகள் அவை. 1996 டிசம்பர் 12 அன்று அந்த வழக்கில் வந்த இடைக்கால உத்தரவு, யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் அகராதிப்படி காடாக இருப்பதெல்லாம் காடே என்றது. கூடலூரில் விழுந்த மரங்களைப் பற்றிய வழக்கு நாட்டின் எல்லாக் காடுகளையும் ஆளும் வழக்காக வளர்ந்தது. மரத்துக்கு அது செய்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் 2001-இல் அதே வழக்கில் ஆக்கிரமிப்புகளை வரன்முறைப்படுத்தத் தடை வந்தது. அதைக் காரணம் காட்டி 2002 மே 3 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. செப்டம்பர் 30-க்குள் ஆக்கிரமிப்புகளை அகற்றுங்கள் என்றது கடிதம். அடுத்த இரண்டு வருஷத்துக்குள் சுமார் 1.5 லட்சம் ஹெக்டேர் காலி செய்யப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அந்த அமைச்சகமே சொன்னது. எத்தனை பேர் என்று சொல்லவில்லை. வனத்துறை ஹெக்டேரில்தான் கணக்கு வைக்கும்.

அந்த வெளியேற்றங்களின் கோபத்தில் பல மாநில ஆதிவாசி அமைப்புகள் ஒன்றுசேர்ந்தன. நான்கு வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 2006 டிசம்பரில் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆதிவாசிகளுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று அந்தச் சட்டத்தின் முகப்புரையே ஒப்புக்கொள்கிறது. ஒரு சட்டம் தன் அரசின் தவற்றைத் தன் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்வது இந்தியாவில் அரிது. 2008 ஜனவரி 1 அன்று விதிகள் வந்தன. 2012 செப்டம்பரில் அவை திருத்தப்பட்டன. அந்தத் திருத்தத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். காரணம் பின்னால் வரும்.

இந்தச் சட்டம் நிலப் பகிர்வுச் சட்டம் அல்ல. அரசு தன் நிலத்தை ஏழைக்குக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே இருந்து, பதிவில் ஏறாமல் போன உரிமையை இப்போது பதிவில் ஏற்றுகிறது. ஆகையால்தான் எல்லா உரிமைக்கும் ஒரு கெடுநாள் உண்டு: 2005 டிசம்பர் 13. அந்த நாளில் நிலம் உங்கள் அனுபவத்தில் இருந்திருக்க வேண்டும். தனிக் குடும்பத்துக்கு உச்சவரம்பு 4 ஹெக்டேர். இரண்டு ஹெக்டேர் சாகுபடியில் இருந்தால் இரண்டுதான் கிடைக்கும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் பட்டா. வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. பழங்குடிப் பட்டியலில் இல்லாத பிற மரபுவழிக் காடுவாழ் மக்களும் கேட்கலாம். ஆனால் அவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கூடலூர்ப் பக்கத்து மவுண்டாடன் செட்டிமார் போன்றவர்களுக்கு இந்த 75 ஒரு பெரிய மதில்.

தனிப் பட்டாவைவிடக் கனமானது சமூக உரிமை. சிறுவன மகசூல் எடுப்பது, மேய்ச்சல், மீன், வழிபாட்டு இடம், ஊரின் மரபெல்லைக்குள் வரும் காட்டைக் காத்து நிர்வகிப்பது எல்லாம் இதில் வரும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் கொடுத்துவிட்டு, அது தேனெடுக்கிற பாறையை மூடிவிட்டால், அந்தக் குடும்பம் அங்கே பிழைக்காது. தானாகக் கீழே இறங்கிவிடும். வெளியேற்றத்துக்கு அப்படி ஒரு வழியும் உண்டு, அதற்கு உத்தரவு எதுவும் தேவையில்லை.

இனி நடைமுறை. முதல் நீதிபதி கிராம சபை. அது தன்னுள்ளிருந்து ஒரு வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். மனுவை அந்தக் குழு வாங்கும், இடத்துக்கு நேரில் போய்ப் பார்க்கும், வனத்துறைக்கும் வருவாய்த் துறைக்கும் தகவல் சொல்லி வரவழைக்கும். கிராம சபை கூடித் தீர்மானம் போடும். சபையில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். அங்கிருந்து மேலே கோட்ட அளவிலான குழுவுக்கும், பிறகு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். இரண்டிலும் வனத்துறை அலுவலர் ஒருவர், பழங்குடி நலத்துறை அலுவலர் ஒருவர், உள்ளாட்சி உறுப்பினர்கள் மூவர் உண்டு. வனத்துறைக்குக் குரல் இருக்கிறது. ஆனால் தனியாக மறுத்துவிடும் அதிகாரம் இல்லை. சட்டத்தை எழுதியவர்கள் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது.

சாட்சியம் பற்றிய 13-ஆம் விதியை, 1882-இல் தோற்ற பாட்டனுக்குப் பேரன் போட்ட மேல்முறையீடு என்றே படிக்கலாம். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது செல்லும். பழைய நில அளவைக் குறிப்பு, வனத்துறையின் செயல்திட்ட அறிக்கை செல்லும். வரப்பு, மேடு திருத்திய நிலம், தடுப்பணை செல்லும். கிணறு, இடுகாடு, சாமி இருக்கும் இடம் செல்லும். குடும்பத்தின் வம்சாவளி செல்லும். மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் ஒருவர் வாயால் சொல்லி எழுதி வாங்கப்பட்ட வாக்குமூலமும் செல்லும். இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் பரிசீலிக்க வேண்டும். நடைமுறையில் பலருக்குக் கைகொடுத்தது இன்னொன்று. காட்டில் உழுததற்காக வனக்காவலர் வழக்குப் போட்டு, அபராதம் வாங்கிக்கொண்டு கொடுத்த ரசீது. அதில் தேதி, இடம், பெயர் மூன்றும் இருக்கும், அரசு முத்திரையும் இருக்கும். தன் பாட்டனைத் திருடன் என்ற அதே தாளை, அவன் அங்கே இருந்ததற்கு ஆதாரமாகப் பேரன் நீட்டுகிறான்.

4-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவு, உரிமையை அங்கீகரித்துச் சரிபார்க்கும் நடைமுறை முடியும்வரை யாரையும் தம் அனுபவத்தில் உள்ள வன நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. இந்த ஒரு வரிதான் இதுவரை லட்சக்கணக்கானோரை இருந்த இடத்தில் இருக்க வைத்திருக்கிறது. ஆனால் ‘முடியும்வரை’ என்பதை மடக்கிப் படித்தால், முடிந்த பிறகு வெளியேற்றலாம் என்றாகும். 2019 உத்தரவு அப்படித்தான் படித்தது. நிராகரிப்பு வந்தால் நடைமுறை முடிந்தது, நடைமுறை முடிந்தால் வெளியேறு. சட்டத்தில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. நிராகரிக்கப்பட்டவரை என்ன செய்வது என்று வன உரிமைச் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. வேறு வனச் சட்டங்களின் கீழ் வெளியேற்ற வேண்டுமானால் அதற்குத் தனி நோட்டீஸ், தனி விசாரணை உண்டு.

அதைவிட முக்கியம், நிராகரிப்புகளின் தரம். பழங்குடி விவகார அமைச்சகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் நாடு முழுக்க வந்த மனுக்கள் 44 லட்சத்துக்கும் மேல். பட்டா கொடுக்கப்பட்டது சுமார் 22 லட்சத்துக்கு. நிராகரிக்கப்பட்டது சுமார் 17 லட்சம். இந்த 17 லட்சத்தையும் பொய் மனு என்று எடுத்துக்கொண்டால் காட்டில் இருப்பவர்களில் பெரும்பங்கு ஏமாற்றுக்காரர்கள் என்றாகிவிடும். உள்ளே போய்ப் பார்த்தால் வேறு விதமாக இருக்கிறது. ஒரே குடும்பம் இரண்டு முறை கொடுத்த மனுவில் ஒன்று நிராகரிப்பில் ஏறியிருக்கும். கேட்ட இடம் வன நிலமே அல்ல, வருவாய்ப் புறம்போக்கு என்று ஒரு மனு திரும்பியிருக்கும். அந்த மனுதாரரைக் காட்டிலிருந்து எப்படி வெளியேற்றுவது? செயற்கைக்கோள் படத்தில் சாகுபடி தெரியவில்லை என்று இன்னொன்று. மரத்தடியில் கிழங்கும் மிளகும் வைத்திருப்பவனின் நிலம் மேலிருந்து பார்த்தால் காடாகத்தான் தெரியும். நல்ல சாகுபடிக்காரன் என்பதற்கு அதுதான் அடையாளம். படத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்று 2012 திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. சாதிச் சான்று இல்லை என்பதும் அடிக்கடி வரும் காரணம். தமிழ்நாட்டில் மலைக்குறவர், இருளர் குடும்பங்கள் சாதிச் சான்றுக்காகப் படும் பாடு ஊரறிந்தது.

எல்லாவற்றிலும் மோசமானது காரணமே சொல்லாத நிராகரிப்பு. மனுவைக் கொடுத்தார்கள், பதில் வரவில்லை. பல வருஷம் கழித்து, நீங்கள் நிராகரிக்கப்பட்டவர் என்று யாரோ சொல்கிறார்கள். விதி 12ஏ இதற்காகத்தான் இருக்கிறது. மேல் குழு நிராகரித்தாலோ திருத்தினாலோ காரணத்தோடு மனுதாரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவருக்கு முறையீடு செய்ய 60 நாள் உண்டு, அவரை நேரில் கேட்காமல் முறையீட்டைத் தள்ளக் கூடாது. தாளே கைக்கு வராதவனுக்கு அந்த 60 நாள் எந்த நாளில் தொடங்கியது? 2019 பிப்ரவரி 28-க்குப் பிறகு மாநிலங்கள் நிராகரிப்புகளை மறுபரிசீலனை செய்யத் தொடங்கின. நீதிமன்றத்தில் தாங்கள் கொடுத்த கணக்கின் பின்னால் முறையான நடைமுறை இருந்ததா என்று பார்க்கவே அவர்கள் அவகாசம் கேட்க வேண்டியிருந்தது என்பதில் நமக்குப் பதில் கிடைத்துவிடுகிறது.

தமிழ்நாட்டின் கதை இதில் தனி அத்தியாயம், பெருமைப்பட ஒன்றுமில்லாத அத்தியாயம். சட்டம் நடப்புக்கு வந்த 2008-லேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போடப்பட்டது. சரிபார்ப்பு நடக்கலாம், ஆனால் பட்டாவைக் கையில் கொடுக்கும் முன் எங்களிடம் அனுமதி வாங்குங்கள் என்று இடைக்கால உத்தரவு வந்தது. அதைக் காட்டியே 2016 வரை இங்கே கோப்பு நகரவில்லை. தடையை நீக்கச் சொல்லி அரசு முழு மூச்சாக வாதாடியிருந்தால் எட்டு வருஷம் ஆகியிருக்காது என்று நான் நினைக்கிறேன். ஒடிசாவும் மகாராஷ்டிரமும் லட்சக்கணக்கில் பட்டா கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

இன்னொரு சிக்கல், கிராம சபை என்றால் எது என்பது. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே அதிகாரிகள், ஜனவரி 26-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் கூடுகிற ஊராட்சிக் கிராம சபையையே வன உரிமைக் கிராம சபை என்று எடுத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். மலை மேலே முப்பது வீடு, அடிவாரத்தில் மூவாயிரம் வீடு என்றால் மலைக்காரர் அந்தச் சபையில் எங்கே பேசுவது? அவர்களுடைய மேய்ச்சல் பாதை பற்றி அடிவாரத்துக்காரர் கை தூக்க வேண்டியிருக்கும். சட்டத்தின் விளக்கப் பிரிவு, அரசுப் பதிவில் ஊர் என்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் காட்டுக் குடியிருப்புகளையும் பழைய வாழ்விடங்களையும் அளக்கப்படாத ஊர்களையும் கிராமம் என்றே கொள்கிறது. ஒவ்வொரு பதியும், ஒவ்வொரு போடும், ஒவ்வொரு செட்டில்மென்ட்டும் தனிக் கிராம சபையாக உட்காரலாம். உட்கார வேண்டும்.

அப்படி உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒடிசாவின் நியமகிரி மலை இருக்கிறது. அங்கே பாக்சைட் வெட்ட வேதாந்தா நிறுவனத்துக்காகத் திட்டம் போடப்பட்டபோது, 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் மாநில அரசு பன்னிரண்டை மட்டும் தேர்ந்தெடுத்தது. அந்தப் பன்னிரண்டும், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், மாவட்ட நீதிபதி முன்னிலையில், ஒன்று பாக்கியில்லாமல் வேண்டாம் என்றன. டோங்கிரியா கோந்து மக்களின் நியமராஜா வாழும் மலை இன்றும் வெட்டப்படாமல் நிற்கிறது. கிராம சபைக்கு இப்படி ஒரு பல் இருப்பது தெரிந்த பிறகு, திட்டங்களுக்கான வன அனுமதியிலிருந்து அதை நகர்த்தும் முயற்சிகள் தொடங்கின. 2022-இல் வந்த வனப் பாதுகாப்பு விதிகள், ஒன்றிய அரசு அனுமதி கொடுத்த பிறகு உரிமைகளைத் தீர்த்துக்கொள்வது மாநிலத்தின் பாடு என்று வரிசையையே மாற்றின. தாலி கட்டிய பிறகு பெண்ணிடம் சம்மதமா என்று கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

புலிகள் காப்பகங்களில் இந்தப் பிரச்சினை இன்னும் நுட்பமானது. எதிர்த்தரப்பின் வாதத்தை முழுதாகக் கேட்டுவிட்டே பேச வேண்டும். 2008-இல் சட்டமே செல்லாது என்று வழக்குப் போட்ட இயற்கை ஆர்வலர்களில் பலர் வாழ்நாளைக் காட்டுக்குக் கொடுத்தவர்கள். காடு துண்டுதுண்டாகிறது, கெடுநாளுக்குப் பிறகு வெட்டித் திருத்திய நிலத்துக்கும் மனு வருகிறது, அரசியல்வாதிகள் தேர்தலுக்குத் தேர்தல் புது ஆக்கிரமிப்பை ஊக்குவிக்கிறார்கள் என்கிறார்கள். பொய்யில்லை, சில மாநிலங்களில் அப்படி நடந்திருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கத்தான் கெடுநாளும், நேரில் போய்ப் பார்ப்பதும், மூன்றடுக்கு விசாரணையும். ஆனால் யானை வழித்தடத்தில் ரிசார்ட் கட்டியவனையும், பதியில் ராகி விதைத்தவனையும் ஒரே பட்டியலில் போட்டு எண்ணிக்கையை மட்டும் காட்டுவது வேறு விஷயம்.

சத்தியமங்கலம் காட்டுக்கு அடுத்தாற்போல் கர்நாடகத்தில் இருக்கிறது பிலிகிரி ரங்கன் மலை. 1974-இல் சரணாலயமானபோது அங்கே வாழ்ந்த சோளகர் பழங்குடிகள் உள்ளிருந்து நகர்த்தப்பட்டார்கள், அவர்களுடைய சாகுபடி முறை நின்றது. 2011 ஜனவரியில் அது புலிகள் காப்பகம் ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் அங்குள்ள சோளகர் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை அங்கீகரிக்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இப்படி நடந்தது அதுவே முதல் முறை. அதனால் அங்கே புலி உடனே குறைந்துவிடவில்லை. அடுத்து வந்த கணக்கெடுப்பில் கூடியதாகவே வந்தது. காட்டின் அடியில் வெயிலை மறைத்துப் படர்ந்திருக்கும் உண்ணிச்செடிக்குக் காரணம், தாங்கள் பருவத்தில் வைத்துவந்த சிறு தீயை வனத்துறை நிறுத்தியதே என்பது சோளகர்களின் வாதம். தாவரவியலாளர்கள் அதைச் சிரித்து ஒதுக்கவில்லை, ஆராய்ந்தார்கள்.

சட்டப்படி புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியிலிருந்தும் யாரையும் கட்டாயப்படுத்தி அனுப்ப முடியாது. முதலில் உரிமைகள் தீர்க்கப்பட வேண்டும். பிறகு சேர்ந்து வாழ வழியே இல்லை என்பது ஆய்ந்து நிறுவப்பட வேண்டும். பிறகு கிராம சபையின் சம்மதம் வேண்டும், விவரம் தெரிந்து, சுயமாகக் கொடுத்த சம்மதம். போகும் இடம் தயாரான பிறகே நகர்த்தலாம். ஆனால் 2017 மார்ச்சில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம், மைய வாழ்விடங்களில் வன உரிமை வழங்க வேண்டாம் என்று சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு வந்து ஒரு வருஷத்தில் திரும்பப் பெற்றது. 2024 ஜூனில் அதே ஆணையம் மீண்டும் எழுதியது. மையப் பகுதிகளில் இன்னும் 591 ஊர்கள், 64,801 குடும்பங்கள் இருக்கின்றன, மறுகுடியமர்த்தலுக்குக் காலவரையறை சொல்லுங்கள் என்று மாநிலங்களிடம் கேட்டது. சம்மதம் என்பது சுயமாக வர வேண்டியது என்றால் அதற்குக் காலவரையறை எப்படி வைப்பது? ஒரு குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்பது கேட்கப் பெரிய தொகை. ஆனால் ரோடு போடவும், கரண்ட் இழுக்கவும், பள்ளிக்கூடக் கூரையை மாற்றவும் அனுமதி கிடைக்காமல் பல வருஷம் கிடந்த ஊர் அந்தத் தொகைக்குத் தலையாட்டினால், அதில் சுயம் எவ்வளவு என்று கேட்கத்தான் வேண்டும்.

மறுப்பவர்கள் வென்றதும் உண்டு. வால்பாறைக்கு அருகே ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் கல்லார்குடி என்ற காடர் குடியிருப்பு 2019 ஆகஸ்ட் மழையில் மண் சரிந்து வாழத் தகுதியற்றுப் போனது. அவர்கள் தங்கள் காட்டெல்லைக்குள்ளேயே தெப்பக்குளமேடு என்ற இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வனத்துறை ஒப்பவில்லை. எஸ்டேட் லைன் வீடுகளில் தங்கவைக்கப்பட்டார்கள். காடருக்கு லைன் வீடு வேறு நாடு. அங்கே காடு இல்லை. விடாமல் கேட்டு, போராடி, 2021-இல் தெப்பக்குளமேட்டுக்கே பட்டா வாங்கினார்கள். பட்டாவைப் பெற்றுத் தந்தது அனுதாபம் அல்ல, வன உரிமைச் சட்டம்.

இந்தச் சட்டத்தை மீறும் அதிகாரிக்கு அதே சட்டம் விதிக்கும் உச்சபட்சத் தண்டனை ஆயிரம் ரூபாய் அபராதம். அதற்கும் கிராம சபை முன்கூட்டியே 60 நாள் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். ஆகவே அந்தப் பிரிவை நம்பி யாரும் இருப்பதில்லை. 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கனமானது. பழங்குடி ஒருவரின் நிலத்தைத் தவறாகப் பறிப்பதும், வன உரிமை உட்பட அவரது உரிமையை அனுபவிக்க விடாமல் தடுப்பதும் அதன்படி வன்கொடுமை. ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம்வரை சிறை. மலையில் வேலை செய்கிற பல வக்கீல்களுக்கே இந்தப் பிரிவு பழக்கமில்லை.

பட்டா கைக்கு வந்தாலும் வேலை முடியவில்லை. வன உரிமைப் பட்டா பெரும்பாலும் ஆட்சியர் மேடையில் கொடுத்த தாளாகவே தங்கிவிடுகிறது. வருவாய்ப் பதிவேட்டில் ஏறாது, வனத்துறை வரைபடத்திலும் பழைய காப்புக்காட்டு எல்லையே இருக்கும். அடுத்த ரேஞ்சர் வந்து வரைபடத்தை விரித்தால், அந்தக் குடும்பம் மறுபடியும் இல்லாத குடும்பம். சுரங்கத்துக்கோ அணைக்கோ அளக்க வருபவரும் பதிவேட்டைத்தான் பார்ப்பார். இதற்கும் 2012 விதியில் ஏற்பாடு இருக்கிறது. பட்டா வழங்கி முடிந்ததும் வருவாய்த் துறையும் வனத்துறையும் இறுதி வரைபடம் தயாரித்து, இரண்டு துறைகளின் பதிவேடுகளிலும் அந்த உரிமையை ஏற்ற வேண்டும். மாநிலச் சட்டம் அதைவிடக் குறுகிய கெடு வைக்காத இடத்தில் அவகாசம் மூன்று மாதம். அந்த வரைபடத்தின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குவதுதான், பட்டா வாங்கிய ஒவ்வொரு கிராம சபையும் அடுத்துப் போட வேண்டிய தீர்மானம்.